அரைக்கூடை என்று கூப்பிடாதீர்கள்

மரக்காணம் உப்பளத்தில் பாதிப் பேருக்கு செந்தமிழ் அக்காவை 'அரைக்கூடை' என்றுதான் தெரியும். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, புதிதாக வந்த டீக்காரர் ஒருவர், "அரைக்கூடை அக்கா, உங்களுக்குச் சக்கரை போடலாமா?" என்று மரியாதையாகவே கேட்டார். அக்கா டீயை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு, "என் பேரு செந்தமிழ். சக்கரை ரெண்டு ஸ்பூன்" என்றார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அக்கா மீது என்ன தப்பு என்று நீங்களும் கேட்பீர்கள்.

பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவித்து வைப்பார்கள். சுமப்பது பெண்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு செட்டு. பாத்தி மூலையில் சிவஞானம் அண்ணன் மண்வெட்டியோடு நிற்பார். அவர் கூடையை நிரப்பி, ஒரு கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிடுவார். நாங்கள் ஒரு வரப்பு வழியாக ரோட்டோர மேட்டுக்குப் போய், அங்கே குவிந்திருக்கிற உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு, இன்னொரு வரப்பு வழியாகக் காலிக் கூடையோடு திரும்புவோம். வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவர்தான் நடக்க முடியும். யாரும் யாரையும் முந்த முடியாது. எனவே ஒரு காலையில் ஒருவர் போகிற நடை எத்தனையோ அத்தனைதான் எல்லாருக்கும். யார் எவ்வளவு உப்பு சுமந்தார் என்பது சுமக்கிறவர் கையில் இல்லை. நிரப்புகிறவர் மண்வெட்டியில் இருக்கிறது.

கூலி செட்டுக்கு மொத்தமாக வரும். அதை செட்டுத் தலைவி யுவராணி அக்கா எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பார்.

செந்தமிழ் அக்கா கல்யாணமாகி பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த புதிதில் இந்த செட்டில் சேர்ந்தார். முதல் நாள் சிவஞானம் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தாயே, நீ கூடையத் தூக்குவியா, கூடை உன்னைத் தூக்குமா?" என்று சொல்லிப் பாதிக் கூடையோடு நிறுத்திவிட்டார். அது அவருடைய இரக்கம். அக்கா ஊருக்குப் புதுசு. அவர்கள் வீட்டில் நெல்தான் தெரியும், உப்பு தெரியாது. எல்லாருக்கும் இதே அளவுதான் போலிருக்கிறது என்று நினைத்து நடந்தார். முன்னால் போகிறவரின் கூடை மேலே கோபுரமாகத் தெரிவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"எனக்கும் முழுசாப் போடுண்ணே" என்று அடுத்த சுற்றிலேயே கேட்டிருக்கிறார்.

"விழுந்து கிழுந்து வச்சா உன் புருஷனுக்கு யாரு பதில் சொல்றது? போம்மா, போ."

பின்னால் நிற்கிறவர்கள் தள்ளுவார்கள். போகத்தான் வேண்டும். அப்படியே சீசன் சீசனாக அரைக்கூடை. சீக்கிரம் நடந்து ஈடுகட்டலாம் என்றால் முன்னால் ஆள் இருக்கிறார். இன்னொரு நடை போகலாம் என்றால் வரிசை விடாது. அந்த இரக்கத்திலிருந்து அவர் தப்பிக்க வழியே இல்லாமல் இருந்தது.

அக்கா ஒல்லிதான். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய அப்பா ஒல்லி, அண்ணன் ஒல்லி, அம்மா ஒல்லி. "எங்க வீட்ல நாய் மட்டுந்தான் குண்டு, அதுவும் எதிர்வீட்ல சாப்பிடுது" என்பார். அக்கா சாப்பிடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள். தூக்குச்சட்டி நிறையப் பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு, மேலே யாராவது கொடுத்தால் இட்லி. என்னைவிட அதிகம் சாப்பிடுவார். ஆனால் அவர் சாப்பிடும்போது யாரும் பார்ப்பதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு வந்து, "சாப்பிடுறியா இல்லியாடி?" என்று கேட்பார்கள்.

அவருக்கு டீபி என்று ஒரு பேச்சு வந்தது. அப்புறம் தைராய்டு, அப்புறம் சர்க்கரை, அப்புறம் வயிற்றில் பூச்சி. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் டாக்டரம்மா, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லியேம்மா, எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றீங்க?" என்று கேட்டாராம். "ஊருக்காக வர்றேன் டாக்டர். ஊருக்கு எதனா மாத்திரை இருந்தாக் குடுங்க" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தார். டாக்டரம்மா சீட்டில் எழுதிய எடை எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் மனதுக்குள் சரி, கம்மி என்று கணக்குப் போடுவீர்கள். அதற்காக நான் இதை எழுதவில்லை.

அக்காவைக் கேட்பதோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. அவருடைய வீட்டுக்காரர் அர்ச்சுனன் அண்ணன் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கிறார். அவரையும் விடமாட்டார்கள். "ஏம்பா, சம்பாதிக்கிறத இன்னா பண்ற? பொண்டாட்டிக்கு சோறு போடுப்பா" என்று பஸ்ஸில் வைத்துக் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு வெட்கப்பட்ட அவர், உடம்பு ஏறுகிற பவுடர் என்று ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். டப்பா மேலே ஒரு பயில்வான் படம்.

"இது யாருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"உனக்குத்தான். பால்ல கலந்து குடிச்சா..."

"எனக்கு இன்னா நோவு?"

"நோவு இல்ல. ஆனா எல்லாரும் என்னைக் கேக்கறாங்க இல்ல."

"அப்ப நோவு உனக்குத்தான். நீயே குடி."

காசு வீணாகிறதே என்று அர்ச்சுனன் அண்ணனே தினமும் குடித்தார். இப்போது அவருக்குத் தொப்பை வந்துவிட்டது. பஸ்ஸில் வேறு கேள்வி கேட்கிறார்கள்.

அனுமந்தையில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். சில பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒல்லியானவர்களைக் கண்டால் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலும் நடுவிரலும் தொடுகிற மாதிரி வளையம் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே வந்திருந்த எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் அக்காவிடம் அப்படிச் செய்தார். செய்துவிட்டுப் பக்கத்திலிருந்தவர்களிடமும் அந்தக் கையைக் காட்டினார், ஏதோ கடையில் வெண்டைக்காய் பார்க்கிற மாதிரி.

"இன்னாடி இது? காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்குதே!"

அக்கா கையை உருவிக்கொண்டார். "புயலே வந்துட்டுப் போச்சிங்க. நான் இங்கதான் இருக்கேன். உங்க வீட்டுக் கூரை ஷீட்டுதான் பறந்து எங்க தெருவுல கெடந்துச்சு."

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா சிரிக்கவில்லை. "பதில் சொன்னா சிரிக்கிறாங்க, சத்யா. சிரிச்சிட்டு மறுபடி கேக்கறாங்க. நான் தமாஷுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாங்க" என்று என்னிடம் சொன்னார்.

நான் பிளஸ் டூ எழுதிவிட்டு, ரிசல்ட் வருகிற வரைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இந்த செட்டில் சேர்ந்தவள். கூடை பிடித்த அனுபவம் எனக்குச் சுத்தமாக இல்லை. முதல் நாளே சிவஞானம் அண்ணன் எனக்கு முழுக்கூடை போட்டார். "தூக்குவியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பூசின மாதிரி உடம்பு, அதனால் தூக்குவேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அன்றைக்கு நான் வரப்பில் கொட்டினேன், மேட்டில் ஏறும்போது கொட்டினேன், ஒருமுறை கூடையையே பாத்திக்குள் போட்டேன். "பழகிடும்மா, பழகிடும்" என்றார்கள். எனக்கு முன்னால் அரைக்கூடையோடு, வருஷக்கணக்காகப் பழகிய காலோடு, ஒரு கல் உப்பு சிந்தாமல் செந்தமிழ் அக்கா போய்க்கொண்டிருந்தார்.

பிரச்சினை இந்த மே மாதம் பெரிதானது. வெயிலில் உப்பு நன்றாக விளைந்து வேலை கூடிவிட்டது. எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்தது. எனக்கு முன்னால், அக்காவுக்குப் பின்னால் வருகிறவர் ரேணுகா அக்கா. நல்ல உயரம், நல்ல உடம்பு. அவருக்கு எப்போதுமே கூடை கோபுரம்தான். அவர் ஒரு நாள் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நான் யாரையும் கொறை சொல்லல. ஆனா பங்கு மட்டும் சமம், கூடை மட்டும் பாதியா? அது இன்னா நியாயம் யுவராணிக்கா?"

அது நியாயமான கேள்விதான். செந்தமிழ் அக்காவே, "நான் மூணு வருஷமா அதத்தான் கேக்கறேன்" என்றார். ஆனால் யுவராணி அக்கா வேறு மாதிரி முடிவு செய்தார்.

"திங்கக்கிழமையிலேருந்து நீ மேட்டுல பெருக்கிக்கோ, செந்தமிழு. கூடைக்கு வேற ஆளு பாத்துக்கறேன். உன் உடம்புக்கு அதான் நல்லது."

அம்பாரத்தைச் சுற்றிச் சிதறுகிற உப்பைக் கூட்டி அள்ளுவது வயசானவர்கள் வேலை. அதற்குக் கூலியும் கம்மி. அதைவிட, செட்டிலிருந்து ஒருமுறை வெளியே போனால் அடுத்த சீசனுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். பெருக்குகிற ஆள் என்றே ஆகிவிடும். அக்கா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"என்னை வெளிய அனுப்புறதுன்னா, கூடையத் தூக்கலன்னு அனுப்பு. கூடையே குடுக்காம அனுப்பாத."

"சரி, நாளைக்கு ஒரு வாட்டி முழுசாத் தூக்கிக் காட்டு. பாக்கலாம்" என்றார் யுவராணி அக்கா.

எனக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஆனால் அக்கா தலையை ஆட்டினார்.

"காட்ட மாட்டேன். நான் இன்னா சர்க்கஸா? இந்தப் பொண்ணு சத்யா, ஸ்கூல்லேருந்து நேரா வந்துச்சி. அதைக் காட்டச் சொன்னியா? ரேணுகாவைக் காட்டச் சொன்னியா? எல்லாருக்கும் போடுற மாதிரி எனக்கும் போடச் சொல்லு. வேலை செய்றேன். அவ்ளோதான்."

"வாய் மட்டும் முழுக்கூடை" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். யுவராணி அக்கா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சூரியன் மேலே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் வரப்பு சுட ஆரம்பித்துவிட்டது. வரிசை நகர்ந்து அக்காவின் முறை வந்தது. சிவஞானம் அண்ணன் வழக்கம்போலப் பாதி போட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தார். அக்கா குனியவில்லை.

"இன்னும் போடுண்ணே."

"போதும்மா, வா."

"முழுசாப் போடு."

"காலங்காத்தால வம்பு பண்ணாத. நகரு."

அக்கா நகரவில்லை. அந்த மூலையில் அவர் நின்றுவிட்டால் பின்னால் ரேணுகா அக்கா நிற்க வேண்டும், ரேணுகா அக்கா நின்றால் நான் நிற்க வேண்டும். கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் எங்களுக்குப் பின்னால் வந்து வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வரப்பு முழுக்கப் பெண்கள், கையில் காலிக் கூடை, வேலை ஒன்றுமில்லை.

"இன்னாடி அங்க?"

"அரைக்கூடைக்கு முழுக்கூடை வேணுமாம்!"

"கால் எரியுது, போங்கடி!"

சிவஞானம் அண்ணன் மண்வெட்டியைக் குத்தி நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "நீ விழுந்தா என் தலையில வந்து விடியும். நான் போட மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் அக்கா அதைச் செய்தார். குத்தி நின்ற மண்வெட்டியைப் பிடுங்கினார். எங்கள் உப்பளத்தில் சுமக்கிற பெண் யாரும் மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நிரப்புவது ஆண் வேலை. அது யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அக்கா தன் கூடைக்குத் தானே உப்பை வெட்டிப் போட்டார். வேகமாகப் போடவில்லை. கோபமாகவும் போடவில்லை. விளிம்பு வரைக்கும் வந்தது, அதற்கு மேலே எங்களுக்கெல்லாம் வருகிற மாதிரி ஒரு கும்பம் வந்தது. நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு போட்டுக்கோடி வீராங்கனை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உனக்கு எவ்ளோவோ எனக்கும் அவ்ளோதான். கூட ஒரு கை கூடப் போட மாட்டேன்" என்றார் அக்கா. பிறகு சிவஞானம் அண்ணனைப் பார்த்தார். "தூக்கி விடு."

அவர் தூக்கிவிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனியாக ஒரு முழுக்கூடையைத் தலைக்கு ஏற்ற யாராலும் முடியாது. அதில் ஒல்லி, குண்டு என்று எதுவும் இல்லை.

ரேணுகா அக்காதான் தன் கூடையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தார். இரக்கத்தால் இல்லை. "என் காலு வேகுது. நீ தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன, மொதல்ல இந்த எடத்தைக் காலி பண்ணு" என்று திட்டிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்.

அக்கா நடந்தார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். தலையில் வைத்த சும்மாட்டுத் துணியிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் காதோரமாக வழிந்தது. வழக்கத்தைவிட மெதுவாகத்தான் நடந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லாருமே மெதுவாக நடந்தோம். வரப்பு திரும்புகிற இடத்தில் கால் லேசாக வழுக்கியது. கூடை சாய்ந்தது. கூடையைப் பிடித்து நிறுத்திவிட்டார், ஆனால் மேலே இருந்த உப்பு சரிந்து பாத்தித் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"பாத்தியா! நான் சொல்லல?" மூலையிலிருந்து சிவஞானம் அண்ணன் கத்தினார். "அந்த ஒடம்புக்கு இது தேவையா?"

"பாத்துடி, நடுவுல ஒடிஞ்சிடப் போற!"

யுவராணி அக்கா அப்போது மேட்டிலிருந்து இறங்கி, காலிக் கூடையோடு எதிர் வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். செந்தமிழ் அக்கா திரும்ப முடியாது, தலையில் கூடை. நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார். ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"வியாழக்கிழமை இதே எடத்துல ரேணுகா பாதிக்கூடையக் கொட்டினா. அப்ப இன்னா சொன்னீங்க? வரப்பு வழுக்குதுன்னு சொன்னீங்க. மண்ணு போட்டு மெதிக்கணும்னு சொன்னீங்க. ரேணுகா ஒடம்பைப் பத்தி யாராவது பேசினீங்களா? சத்யா கொட்டினா பழகிடும். ரேணுகா கொட்டினா வரப்பு வழுக்குது. நான் கொட்டினா மட்டும் என் எலும்பா? எனக்கும் வரப்புதான் வழுக்குது!"

ரேணுகா அக்கா பின்னாலிருந்து, "ஆமா, அந்த எடம் வழுக்கத்தான் வழுக்குது" என்று முணுமுணுத்தார். அவருக்கும் ஒரு கோபம் இருந்தது. வியாழக்கிழமை அவருக்கு முட்டியில் அடிபட்டிருந்தது, 'உனக்கென்ன மலை மாதிரி இருக்கே' என்று சொல்லி யாருமே அதைக் கேட்கவில்லை.

அக்கா மேடு ஏறிக் கொட்டினார். திரும்பி வந்தார். அடுத்த முறையும் தானே நிரப்பினார். அதற்கடுத்த முறை சிவஞானம் அண்ணன் மண்வெட்டியை அக்காவிடம் விடாமல் தானே நிரப்பினார். தான் செய்கிற வேலையை ஒரு பெண் செய்வதை நாள் முழுக்க நின்று வேடிக்கை பார்க்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். விளிம்புக்கு மேலே கும்பமாக வந்த பிறகுதான் நிறுத்தினார்.

வேலை முடிந்து எல்லாரும் கை கால் கழுவும்போது அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுருங்கியிருந்தது. யுவராணி அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"கழுத்து வலிக்குதா?"

"வலிக்குது."

"அதான் நான் அப்பவே..."

"உனக்கு வலிக்கலியாக்கா?"

யுவராணி அக்காவின் கை தானாக அவர் கழுத்துக்குப் போனது. "வலிக்காம இன்னா? இருவது வருஷமா வலிக்குது" என்றார். பிறகு புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை மேட்டுக்குப் போக வேணாம். வரிசைக்கே வா. அந்தத் திருப்பத்துல மண்ணு போடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இத்தோடு கதையை நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஒல்லியானவர் ஜெயித்தார் என்று நீங்களும் சந்தோஷப்படலாம். ஆனால் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரே பாராட்டு. டீ வந்தபோது ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "பாக்கத்தான் குச்சி, உள்ள இரும்பு", "ஒல்லியா இருந்தாலும் இன்னா தெம்பு!" என்றெல்லாம் பேச்சு. சிவஞானம் அண்ணன் பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து அக்காவைக் காட்டினார். "இந்த எலும்பைப் பாருப்பா. இது முழுக்கூடை தூக்குதுன்னா நம்புவியா?" அந்த ஆள் அக்காவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

இப்போதாவது அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, திட்டும்போதும் என் எலும்பு. பாராட்டும்போதும் என் எலும்பா? நீ இன்னைக்கு எத்தனை கூடை ரொப்பின? உன் தொப்பையப் பாத்து நான் எதனா சொன்னேனா?"

பக்கத்துப் பாத்திக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிவஞானம் அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நல்லதுதானம்மா சொன்னேன்" என்றார், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

"நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். நான் குண்டாவும் போறதில்ல, இரும்பாவும் போறதில்ல. இப்டியே தான் இருப்பேன்."

"அப்ப உங்கிட்ட இன்னாதான்டி பேசறது?" என்று ரேணுகா அக்கா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷத்தில் அக்காவிடம் யாரும் அவருடைய உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச்சை ஆரம்பித்ததே இல்லை.

செந்தமிழ் அக்கா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "உப்பு இன்னா இப்டி ஈரமா இருக்குது, ஒரு நாள் கூட வடிய விடலியா, அதக் கேளு. உன் முட்டி எப்டி இருக்குதுன்னு நான் கேக்கறேன். சொல்லு, எப்டி இருக்குது?"

"வீக்கம் இருக்குதுடி" என்றார் ரேணுகா அக்கா. குனிந்து முட்டியைத் தடவினார். "மேடு ஏறும்போதுதான் உயிர் போவுது."

"அப்ப இன்னைக்கு எனக்கு முன்னாடி போ. உன் வேகத்துக்கு நாங்க வர்றோம்."

ரேணுகா அக்கா முன்னால் போனார். சிவஞானம் அண்ணன் அவருடைய கூடையைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று யோசித்து நிறுத்தினார். "முட்டி வலின்னா, எவ்ளோ போடட்டும்?" என்று அவரிடமே கேட்டார். நான் அங்கே வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டு மம்டி கம்மியாப் போடுண்ணே, இன்னைக்கு மட்டும்."

போட்டார். அவர் போன பிறகு செந்தமிழ் அக்காவின் கூடை நிரம்பியது. அவர் வரப்பில் ஏறினார். அடுத்தது நான்.